ஒட்டின வருஷம்

போட்டோவில் அந்தப் பையன் ஃபிரிட்ஜுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, முன்பல் ஓட்டை தெரிய ஒரு சிரிப்பு. கீழே அவன் அம்மா எழுதியிருந்தார்:

"கதவு லொடலொடன்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு பாப்பா. காய்கறி டப்பாவை இழுத்துப் பாத்தா உள்ள ஒரு இரும்புக் கொக்கி. தச்சர் பாத்துட்டு இது இந்தக் கதவோடதுதான்னு மாட்டிவிட்டார். இப்ப டக்குன்னு பூட்டிக்குது. ரொம்ப தேங்க்ஸ்."

போர்வைக்குள் போனை ஒளித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்த தேதிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பையன் அப்படி உட்கார்ந்திருந்தான். பிறகு கொக்கி என்ற சொல்லில் கண் போய் மாட்டிக்கொண்டது. மறுபடி படித்தாள்.

தேதி என்பது அவள் பெயர் இல்லை, அப்பா வைத்த பட்டம். அப்பா பழைய சமையலறைச் சாமான்களை வாங்கி, தட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து விற்கிறவர். பிரெட் சுடும் பெட்டி, கைப்பிடி சுற்றும் அரைவை மெஷின், தோள் வளைந்த பழைய ஃபிரிட்ஜ். வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, கடையில் அழகுக்கு வைக்க வாங்கிப்போக ஆட்கள் இருந்தார்கள். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எந்த வருஷத்துச் சாமான்? அப்பாவுக்குக் கண்ணில் புரை. பொடி எழுத்து தெரியாது. அந்த வேலை மகள் தலையில் விழுந்தது. பன்னிரண்டு வயதில் தொடங்கியது, இப்போது பதினாறு. வயரில் துணி சுற்றியிருந்தால் ஒரு காலம், ரப்பர் என்றால் ஒரு காலம். திருகாணித் தலையில் ஒற்றைக் கோடா, கூட்டல் குறியா? குமிழின் முதுகில் என்ன எண்? மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அவள் பார்ப்பதைப் பார்த்தால் பல் டாக்டர் தோற்றார் என்று அத்தை சொல்வாள்.

கடையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஃபிரிட்ஜில் மட்டும் வருஷம் பார்ப்பது விலைக்காக இல்லை. அறுபதுக்குப் பிறகு வந்த ஃபிரிட்ஜின் கதவு காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து ஒரு குழந்தை காலால் எத்தினால்கூடத் திறந்துவிடும். முற்காலத்து ஃபிரிட்ஜ் அப்படி இல்லை. கதவில் ஒரு இரும்பு நாக்கு இருக்கும், அது பெட்டியில் இருக்கும் கொக்கியில் போய் விழும். விழுந்தால் வெளியே கைப்பிடியை இழுத்தால்தான் உண்டு. உள்ளே கைப்பிடி கிடையாது. காற்றும் கிடையாது. பூட்டு வைத்த கதவு அப்படியே கடைவாசலைத் தாண்டக் கூடாது என்பார் அப்பா. அந்தக் காலத்துப் பெட்டி என்று தேதி சொன்னால் முதலில் நாக்கைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

பையனின் அம்மாவான பேக்கரிக்காரம்மாவுக்குப் போன வெளிர்பச்சை ஃபிரிட்ஜை அவள் அறுபத்தாறாம் வருஷத்தது என்று சொல்லியிருந்தாள். பின்பக்கம் தகட்டில் அப்படித்தான் இருந்தது. கதவைச் சாத்திப் பார்த்தாள், பூட்டவில்லை, ரப்பரின் பிடியில் சும்மா நின்றது. கதவின் நாக்கு விளிம்புக்குள் அமுங்கி, பழைய பெயின்ட் மூடிக் கிடந்ததால் கண்ணில் படவில்லை. காந்தம் செத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காய்கறி டப்பா துருவில் இறுகிக் கிடந்தது. அதைத் தட்டி இழுத்து அடியைப் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் அன்றைக்குத் தெருமுனையில் தோழிகள் சினிமாவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். டப்பாவை விட்டுவிட்டு, அட்டையில் வருஷத்தை எழுதித் தொங்கவிட்டு ஓடிவிட்டாள். துருவேறிய தட்டுகளை அப்பா ஏற்கெனவே பிடுங்கிப் போட்டிருந்தார். உள்ளே வெறும் குகை. ஒரு பையன் உட்கார அளவெடுத்துத் தைத்த மாதிரி.

பேக்கரிக்காரம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் அத்தை புரண்டு படுத்தாள். அப்பாவின் தங்கை. கடையின் சின்ன லாரியை ஓட்டுகிறவள், கல்யாணப் பேச்சை எடுத்தால் லாரிக்கு யார் டீசல் போடுவது என்று கேட்கிறவள்.

"யாருடி அது இந்நேரத்துல? எவனாவது கவிதை அனுப்புறானா?"

"அத்தை, ஒண்ணு சொல்லணும். அப்பாகிட்ட சொல்லக் கூடாது."

"அப்போ கவிதைதான்."

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் அத்தை."

அந்தக் குரலில் அத்தையின் தூக்கம் போய்விட்டது. எழுந்து தேதியின் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தாள். தேதி போனைக் காட்டினாள். போனின் வெளிச்சத்தில் அத்தை படித்தாள், பிறகு போட்டோவை விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். பையனின் தோளுக்குப் பக்கத்தில், பெட்டியின் விளிம்பில், புதுத் திருகாணியோடு ஒரு பழைய கொக்கி.

"இது காந்தக் கதவுன்னுதானே சொன்ன?"

"தகட்டுல அறுபத்தாறு. ஆனா கொக்கி இருக்குன்னா அறுபத்தாறா இருக்க முடியாது. நடுவுல மோட்டார் மாத்தியிருப்பாங்க அத்தை. மோட்டார் மாத்தினா புதுத் தகடு ஒட்டுவாங்க. நான் தகட்டை மட்டும் பாத்தேன். ஒட்டினதை மட்டும் பாக்கக் கூடாதுன்னு எனக்கே தெரியும்."

"சரி, அழாத."

"நான் அழலையே."

"மூக்கு ஒழுகுது, அதைச் சொன்னேன்." அத்தை தன் முந்தானையைக் கொடுத்தாள். "உங்கப்பனை எழுப்பவா?"

"வேண்டாம். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதான் பயமா இருக்கு. இனிமே ஒவ்வொண்ணையும் கண்ணுல பூதக்கண்ணாடி வச்சு அவரே பாப்பாரு." அவள் போனைப் பார்த்தாள். "அந்தப் பையன் தூங்குவான்ல இப்ப?"

"தூங்குவான். ஆனா பேக்கரிக்காரங்க வீடு, கடைக்கு மேலயே. விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே எந்திரிச்சு மாவு போட்டுருவாங்க. அவ கீழ இறங்குறப்போ புள்ளையையும் தூக்கிட்டு வந்துருவா." சொல்லிக்கொண்டே அத்தை லாரிச் சாவியைத் தேடினாள். "செருப்பை மாட்டு. ஸ்க்ரூடிரைவர் ரெண்டு எடுத்துக்க."

அம்மா இரவு வேலைக்குப் போயிருந்தாள். அப்பாவின் குறட்டை ஒரு சீராக வந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போகும்போது தேதிக்குத் திருடப் போகிற மாதிரி இருந்தது.

பேக்கரியில் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார்கள். மாவு பிசையும் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது, தரையே அதிர்ந்தது. பேக்கரிக்காரம்மா முழங்கை வரை மாவோடு திரும்பினார். மாவு மூட்டைகளின் மேல் பையன் முழித்துக்கொண்டு, ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றபடி கால் ஆட்டிக்கொண்டிருந்தான். தேதிக்கு மூச்சு வந்தது.

"என்ன பாப்பா, கோழி கூவுறதுக்கு முன்னாடி? பன் இன்னும் வேகலையே."

"ஆன்ட்டி, அந்தக் கொக்கியைக் கழட்டணும். அது ஆபத்து. உள்ள மாட்டிக்கிட்டா வெளிய வர முடியாது."

"கழட்டணுமா? அது மாட்டின அப்புறம்தான் கதவே கதவு மாதிரி நிக்குது."

"நான் வருஷத்தைத் தப்பாச் சொல்லிட்டேன். இது அறுபத்தாறு இல்ல. அதைவிடப் பழசு." தேதி சுவரோரம் நின்ற ஃபிரிட்ஜின் முன் மண்டியிட்டாள். முன்பு அவ்வளவு இறுக்கமாக இருந்த டப்பா இப்போது சுலபமாக வந்தது. கவிழ்த்து டார்ச் அடித்தாள். அச்சிலேயே வார்த்த ஒரு சின்ன வட்டம், அதற்குள் எண். ஐம்பத்து நான்கு. பார்க்க வேண்டிய இடம் இதுதான். அன்றைக்கே டப்பாவை இழுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

பேக்கரிக்காரம்மா அதைக் குனிந்து பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஓ. பன்னெண்டு வருஷம் பழசு கூடிடுச்சு. பழசு கூடினா விலையும் கூடும்னு கடையில நீங்கதானே சொன்னீங்க? வேற யாரோ பெரிய ஆள் கேட்டிருக்காங்க, அதானே விஷயம்?"

"அக்கா, சத்தியமா அப்படி இல்ல," என்றாள் அத்தை. "பொழுது விடியறதுக்கு முன்னாடி வியாபாரம் பேச எனக்கென்ன பைத்தியமா?"

"விடியறதுக்கு முன்னாடி வந்தா எனக்கு மூளை முழிச்சிருக்காதுன்னு நெனச்சிருப்பீங்க. ஒரிஜினல் பூட்டோட இருந்தா மதிப்பு, கழட்டிட்டா பழைய இரும்பு. கழட்டிட்டு அப்புறம் 'பழுதாப் போச்சு, குறைஞ்ச விலைக்கு எடுத்துக்கறோம்'னு வருவீங்க. நானும் கடை வச்சிருக்கறவதான் தங்கச்சி."

"புள்ளை உள்ள போயிடுவான் அக்கா."

"என் புள்ளை போனா கதவைத் தள்ளத் தெரியாதா? அவன் தொட்டிலையே உடைச்சவன்." பையனைப் பார்த்து, "டேய், தள்ளுவேல்ல?" என்றார். அவன் வாய் நிறையப் பன்னோடு தலையாட்டினான்.

அத்தை இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தேதி அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"ஆன்ட்டி, நான் உள்ள போறேன். நீங்க சாத்துங்க. நான் தள்ளித் திறந்துட்டா நாங்க பேசாமப் போயிடறோம்."

"அடியே, என்ன வெளையாட்டு இது," என்றாள் அத்தை.

"நான் தட்டுவேன். தட்டின உடனே திறந்துருங்க அத்தை."

முழங்காலை மார்போடு மடக்கி, தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தாள். பேக்கரிக்காரம்மா தலையில் அடித்துக்கொள்ள முடியாத கையோடு, முழங்கையால் கதவைத் தள்ளினார். டக் என்று விழுந்தது. நல்ல வேலைப்பாடான சத்தம். பழைய சாமான் விற்கிற யாருக்கும் பிடிக்கும் சத்தம்.

பிறகு சத்தமே இல்லை.

மாவு மெஷின்கூட இல்லை, அதன் அதிர்வு மட்டும் இடுப்பெலும்பு வழியாக ஏறியது. இருட்டு என்றால் கண் பழகப் பழகக் கொஞ்சம் விலகும். இது விலகவில்லை. பழைய ரப்பர் வாசனை. தோளால் கதவைத் தள்ளினாள். சுவரைத் தள்ளியது மாதிரி இருந்தது. சரி, நிரூபித்தாகிவிட்டது, இனித் தட்டலாம் என்று நினைத்தாள். தட்டினாள்.

யாரும் திறக்கவில்லை.

மறுபடி தட்டினாள், முஷ்டியை மடக்கி. சத்தம் அவள் கைக்குள்ளேயே செத்துப்போனது. குளிர் வெளியே போகாமல் இருக்கச் சுவருக்குள் விரற்கடைக் கணக்கில் பஞ்சு அடைத்திருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். எத்தனை பெட்டியின் முதுகைப் பிரித்திருக்கிறாள். அந்தப் பஞ்சு சத்தத்தையும் வெளியே விடாது என்பது இப்போதுதான் தோன்றியது. வெளியே அத்தை தட்டுவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள். இவள் தட்டிக்கொண்டே இருக்கிறாள்.

அத்தை என்று கத்தினாள். காது வலித்தது. காலை நீட்டி உதைக்க இடமில்லை. மூச்சு சூடாகத் திரும்பி முகத்தில் அடித்தது. கத்தினால் காற்று தீரும் என்று ஒரு புத்தி சொன்னது, இன்னொரு புத்தி அதைக் கேட்கவில்லை. கதவின் ரப்பர் ஓரத்தில் நகத்தை நுழைக்கப் பார்த்தாள், வழுக்கியது. கை கீழே இறங்கியது. கதவின் உட்புறத்தில், கீழ்ப்பாதியில், விரல் நுனி தடங்களில் போய் விழுந்தது.

அந்தக் கீறலை அவளுக்குத் தெரியும். கழுவும்போது பார்த்திருந்தாள். அட்டையிலும் எழுதியிருந்தாள்: உள்பக்கம் கீறல், பாத்திரம் உரசியது. இப்போது தடவிப் பார்த்தாள். பாத்திரம் குறுக்கே உரசும். இவை மேலிருந்து கீழே வந்தன. நான்கு நான்காக வந்தன. அவளுடைய விரல்களைவிட நெருக்கமாக இருந்தன.

கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

வெளிச்சம் கத்தி மாதிரி வந்தது. ரொட்டி வாசனை. கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பையன் நின்றான்.

"அக்கா, போதும். இப்ப நான்."

ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டான், அவள் பாதத்தின் மேலேயே.

இரண்டடி தள்ளி அத்தையும் பேக்கரிக்காரம்மாவும் இன்னும் வாக்குவாதத்தில் இருந்தார்கள். "பாத்தீங்களா, தட்டவே இல்ல, சும்மா உக்காந்து நாடகம் ஆடுறா," என்று பேக்கரிக்காரம்மா சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. தேதியின் முகத்தைப் பார்த்தார். நனைந்த நெற்றியை, இரத்தம் கசிந்த நகத்தை. பிறகு தன் மகனின் காலைப் பார்த்தார்.

"நீ தட்டலையேடி," என்றாள் அத்தை.

"தட்டினேன் அத்தை. கத்தினேன்."

"நாங்க பக்கத்துலயேதானே நின்னோம்."

பேக்கரிக்காரம்மா மாவுக் கையோடு பையனின் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அவன் தன் முறை போய்விட்டதென்று அழ ஆரம்பித்தான். அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மற்றக் கையை நீட்டினார்.

"ஸ்க்ரூடிரைவரக் குடு."

அவரே கழற்றினார். மாவு திருகாணித் தலையில் அப்பிக்கொண்டது, துடைத்துத் துடைத்துக் கழற்றினார். கொக்கி தரையில் விழுந்தபோது பையன் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அத்தை தேதியின் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றாள், குளிரில் கிடந்தவளைத் தேய்ப்பது மாதிரி.

"எனக்கு இது வேண்டாம்," என்றார் பேக்கரிக்காரம்மா. "பூட்டு இல்லாமலும் வேண்டாம். எடுத்துட்டுப் போயிருங்க." அவர் கண் கதவின் உட்புறத்தில் நின்றது. "அது என்ன பாப்பா, கீழ கோடு கோடா?"

தேதி அவர் இடுப்பில் இருந்த பையனைப் பார்த்தாள்.

"பாத்திரம் உரசினது ஆன்ட்டி."

திரும்பி வரும்போது லாரியில் அத்தை எப்போதும் பாடும் பாட்டு எதையும் பாடவில்லை. பின்னால் கயிறு கட்டியும் ஃபிரிட்ஜ் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஒரு முறை இடித்தது. அந்த இடியைக் கேட்கும்போதெல்லாம் தேதி திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணும் இல்லடி," என்றாள் அத்தை.

"தெரியும்."

அப்பா கடைவாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். லாரியில் இருப்பதைப் பார்த்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்க வந்தார். மூன்று பேருமாக இறக்கி வைத்தார்கள். பிறகு தேதி கொக்கியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். சினிமாவையும் சொன்னாள். டப்பாவை இழுக்காததைச் சொன்னாள். உள்ளே போனதைச் சொல்லும்போது மட்டும் அத்தை குறுக்கிட்டு, அதைத் தான் தடுத்திருக்க வேண்டும் என்றாள்.

அப்பா திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். கொக்கியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உடைஞ்சு விழுந்தது இல்ல," என்றார். "யாரோ பதமாக் கழட்டி வச்சிருக்காங்க."

"ஆமாப்பா."

"இதை வித்த பெரியவர்கிட்ட நான்தானே போய் வாங்கினேன். வெலையே பேசல அவரு. குடுத்ததை வாங்கிக்கிட்டாரு. வண்டியில ஏத்துறப்போ பக்கத்துல வந்து, தம்பி, கதவு சரியா மூடாது, அதை அப்படியே விட்டுருங்கன்னாரு. நான் சிரிச்சுக்கிட்டே, நாங்க இருக்கறதே ரிப்பேர் பண்ணத்தானே ஐயான்னு சொல்லிட்டு வந்தேன்." கொக்கியைப் பெஞ்சில் வைத்தார். "மறுபடியும் சொன்னாரு. விட்டுருங்க தம்பின்னு. நான் உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அத்தை உள்ளே போய் டீ போடுகிறேன் என்றாள், போகவில்லை.

அப்பா எழுந்து ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தார். கண் தெரியாததால் கையால் பார்த்தார். மேலே தடவி, நடுவில் தடவி, கீழே வந்ததும் கை நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"தேதி," என்றார், திரும்பாமல். "இது எவ்வளவு பழசு?"

கொக்கி இருந்த இடத்தில் பழைய ஓட்டைகள் இருந்தன. ஓட்டைக்குள் துரு எவ்வளவு ஆழம், அதன் மேல் எந்தக் காலத்துப் பெயின்ட், கீறலுக்குள் படிந்த அழுக்கு என்ன நிறம் என்று பார்த்தால் சொல்லிவிடலாம். தகட்டில் அறுபத்தாறு என்று போட்டு மோட்டார் மாற்றியதற்கு முன்பா பின்பா என்றுகூடச் சொல்லிவிடலாம். டார்ச் அவள் சட்டைப் பையில்தான் இருந்தது.

"தெரியலப்பா," என்றாள்.

அப்பா தலையாட்டினார். சுத்தியலை எடுத்துவந்து கதவின் கீல்களைத் தட்ட ஆரம்பித்தார். கதவு தனியாக வந்தது. அதை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உட்புறம் சுவரைப் பார்க்கும்படி சாத்திவைத்தார்கள்.